ஆதரவற்ற என் மகள்

“கணவரால் கைவிடப்பட்டு, ஆதரவற்ற நிலையில், என் பராமரிப்பில் இருந்து வரும் என் மகள் சரஸ்வதிக்கு…”

ஜன்னல் வழியாகத்தான் இதைக் கேட்டேன். சரஸ்வதி நான்தான்.

வாசித்துக்கொண்டிருந்தவர் பத்திர எழுத்தர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் அவருடைய கடை. பத்திர எழுத்தர்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. எதிரே ஒரு கல்யாண மண்டபமே கூடி உட்கார்ந்திருக்கிற மாதிரி வாசிப்பார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் குரல் கூடுதலாகவே வாய்த்திருந்தது.

உள்ளே அம்மா இருந்தாள். சாட்சிக்கு வந்த எதிர்வீட்டு கோமதி அக்காவும், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுப்பையா மாமாவும் இருந்தார்கள். நான் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடான தாளின் வாசனை வந்துகொண்டிருந்தது. வெயில் பெஞ்சின் பாதி வரைக்கும் ஏறிவிட்டது. நிழல் இருந்த பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஜன்னலுக்கு நேர் கீழே வந்துவிட்டேன். நகராமல் வெயிலிலேயே இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஆதரவற்ற. அந்த ஒரு சொல்லில் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அது வெயிலின் சூடு இல்லை.

பெஞ்சில் உட்காரவைத்த காரணம்

என்னை வெளியே உட்காரச் சொன்னவரும் அண்ணாச்சிதான். “ஏம்மா, வீடு உனக்கு வரப்போகுது. நீ உள்ள இருந்தா, நாளைக்கு உங்க அண்ணன் கோர்ட்டுல ‘பக்கத்துல நின்னு எழுத வச்சா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் எழுதின அம்புட்டும் வீணாப் போயிரும். பெஞ்சுல இரு” என்றார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. உயிலில் பலன் அடையப்போகிறவர் எழுதும் இடத்தில் முண்டியடித்து நின்றால் சந்தேகம் வரும் என்று பிறகு ஒரு வக்கீலும் சொன்னார்.

வீடு என்றால் பெரிய மாளிகை இல்லை. மடவார்வளாகம் பக்கம் ஒரு சந்தில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். பிள்ளையில்லாத பெரியம்மா தன் தங்கைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, எழுதிக்கொடுத்தது. அம்மாவின் பெயரில் இருக்கிற ஒரே சொத்து அதுதான். அம்மா உயில் எழுதாமல் போனால் அண்ணனுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி. அந்த வீட்டைப் பாதியாக்கினால் இரண்டு பேருமே படுக்க முடியாது, விற்கத்தான் வேண்டும். விற்றால் நான் போக வேறு இடம் இல்லை. அதற்காகத்தான் அம்மா அன்றைக்குப் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் வக்கீல் இல்லை

அம்மா உயில் எழுதியதைப் பற்றிப் போன வாரம் போகிறபோக்கில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேள்வியாகக் கேட்டுத் தள்ளிவிட்டார்கள். இருபது வாரமாக என் கல்யாணம், என் வேலை, என் கோபம் என்று எழுதிவருகிறேன், அதற்கெல்லாம் இவ்வளவு கடிதம் வந்ததில்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன். சட்டத்தில் எனக்குத் தெரிந்தது அலைந்து திரிந்து காதில் விழுந்தது மட்டும்தான்.

உயிலைப் பத்திரத் தாளில்தான் எழுத வேண்டுமா என்று சிவகாசியிலிருந்து ஒருவர் கேட்கிறார். வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். ஆனால் எழுதியவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதிவு செய்தே தீர வேண்டும் என்றும் இல்லை. செய்து வைத்தால் பின்னால் வாய்ச்சண்டை குறையும்.

தளவாய்புரத்திலிருந்து ஒரு தங்கை, பேங்கில் நாமினி போட்டாச்சே, பிறகு உயில் எதற்கு என்கிறார். நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். அதனாலேயே அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், தங்கையே.

பூர்வீகச் சொத்தை உயில் எழுதலாமா? தன் பங்கு எதுவோ அதை மட்டும் எழுதலாம். அடுத்தவன் பங்கையும் சேர்த்து எழுதினால், எழுதியவர் நிம்மதியாகப் போய்விடுவார், இருக்கிறவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள்.

உயில் எப்போது அமலுக்கு வரும் என்பதுதான் நிறையப் பேர் கேட்ட கேள்வி. எழுதியவர் இறந்த பிறகுதான். அதுவரைக்கும் அது வெறும் தாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் நிற்கும். இந்தப் பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது புரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

விடுதலை

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முருகேசன் அண்ணன் கெட்டவன் இல்லை. ராஜபாளையத்தில் நாலு தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்கிறான். தறி ஓடுகிற மாதங்களில் நல்ல மனிதன், ஓடாத மாதங்களில் ஃபோனை எடுக்க மாட்டான்.

அப்பா இறந்தபோது ராஜபாளையத்தில் அவர் வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தது. அண்ணன் அதில் வீடு கட்ட நினைத்தான். அம்மாவும் நானும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதும் அண்ணன் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தான். எல்லாரிடமும் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமான பெண்ணுக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உண்டு. மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. நாமே எழுதிக்கொடுத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்.

என் கல்யாணக் கதையைத்தான் ஏற்கெனவே நாலு வாரம் எழுதிவிட்டேன். அவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனார், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார், நான் ஒரு சூட்கேஸோடு அம்மா வீட்டுக்கு வந்தேன். பிள்ளை இல்லை. விவாகரத்தும் வாங்கவில்லை. வந்த மறுவாரமே ராஜபாளையம் பஸ் ஏறி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

இதைச் சொல்லித்தான் நான் அன்றைக்குக் கெட்டேன்.

உள்ளே போனேன்

பெஞ்சிலிருந்து எழுந்தது எனக்கு நினைவில்லை. உள்ளே நின்றதுதான் நினைவிருக்கிறது.

“அண்ணாச்சி, அந்த வார்த்தைய எடுங்க.”

“எந்த வார்த்தை?”

அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. “அந்த… ‘ஆ’வன்னால ஆரம்பிக்கிறது” என்றேன். சுப்பையா மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோமதி அக்கா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். எங்கள் தெருவில் காலையில் இட்லி விற்கிறவள் அவள். அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

“ஆதரவற்றவா? ‘அவளுக்கு யாரும் இல்ல’ன்னு உங்கம்மாதான் சொன்னாக. அது இருந்தாத்தாம்மா பத்திரம் கெட்டியா நிக்கும்” என்றார் அண்ணாச்சி. “மகன் இருக்கையில மகளுக்கு மட்டும் ஏன் எழுதுனாங்கன்னு கேப்பாக. மகனுக்கு எடம் குடுத்தாச்சுன்னு எழுதியிருக்கேன். அது அப்பா சொத்து. இது அம்மா சொத்து. இதுக்குத் தனியா ஒரு காரணம் வேணும்லா?”

“காரணம் வேணும்னா உள்ளதை எழுதுங்க. நான் மாசாமாசம் சம்பளம் வாங்குதேன். அம்மாவுக்கு மாத்திரை, கரண்ட் பில்லு, கேஸு, அரிசி அம்புட்டும் நான்தான். ஆதரவு இல்லாதவ நானா? இவளை வச்சுப் பாக்குறது நான்தான்னு எழுதுங்க.”

சொல்லி முடித்தபோது பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின்கூட நின்றிருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவ சொல்லுத மாதிரியே எழுதிருங்க” என்றாள்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தட்டினார். பழைய வரி போனது, புது வரி வந்தது. “வயோதிக காலத்தில் என்னை உடன் வைத்துப் பராமரித்து வருபவர் என் மகள் சரஸ்வதி என்பதால்…” அதையும் அதே மண்டபக் குரலில் வாசித்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. மனசுக்குள் நிமிர்ந்துகூட உட்கார்ந்துகொண்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

எதிரே அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அம்மாவிடம், சுய விருப்பத்தோடு எழுதினதா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அம்மா ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள் என்று கோமதி அக்கா பிறகு சொன்னாள். “ஆமா, எம் மனசாரத்தான்” என்று சொல்லிவிட்டு ரேகை வைத்திருக்கிறாள்.

யார் கூட யார்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகனோடு இருக்கிற தாய் எவ்வளவு அடி வாங்கினாலும் ‘மகன் வீட்டில் இருக்கிறாள்’. மகளோடு இருக்கிற தாய் பட்டு மெத்தையில் படுத்திருந்தாலும், கேட்கிறவர்கள் “ஓ, மக கூடயா” என்பார்கள். அந்த ‘ஓ’வுக்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா இத்தனை வருடமும் அந்த ஒரு சொல்லிலிருந்து எப்படித் தப்பித்தாள் என்று நான் யோசித்ததே இல்லை. யார் கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான். “எம் மக எங்கூட இருக்கா. பாவம், அவளுக்கு யாரு இருக்கா.” கீரைக்காரியிடம் சொல்லுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறவளிடம் சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “நான் என்ன பிச்சையா எடுக்கேன், எதுக்கு எல்லார்ட்டயும் பாவம் பாவம்னு சொல்லுத” என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அவள் மறுநாளும் அதையேதான் சொல்லுவாள்.

வீடு அவளுடையது, நான் அவள் கூட இருக்கிறேன். உலை யார் சம்பளத்தில் கொதித்தால் என்ன, அந்த வீட்டில் அவள் வீட்டுக்காரி. அவள் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் சாட்சி வைத்துப் பறித்துக்கொண்டு வந்தேன். ‘என்னை உடன் வைத்து’ என்று அவள் வாயாலேயே, அவள் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதவைத்துவிட்டேன்.

ஃபேன் போட்டுக்கிடவா

அன்றைக்குச் சாயங்காலமே அது ஆரம்பித்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன்.

“சரசு, ஃபேன் போட்டுக்கிடவா?”

என்ன கேட்கிறாள் என்றே முதலில் புரியவில்லை. “போட்டுக்கோயேன்மா, இதுக்கு எதுக்குக் கேக்குத” என்றேன். ஃபேன் ஓடியது. எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது, “இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டாள். அண்ணன் ஃபோன் செய்து பேத்தியின் பிறந்தநாளுக்கு ராஜபாளையம் வரச் சொன்னபோது, “சரசுகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அவள் உண்மையாகவே கேட்டாள். அடுத்தவர் வீட்டில் இருக்கிற மனுஷி எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

சரசு என்று அவள் கூப்பிட்டதும் புதிதுதான். பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு ‘ஏட்டி’. கோபத்திலும் ஏட்டி, கொஞ்சலிலும் ஏட்டி. எனக்கு ஐம்பது தாண்டிய பிறகும், கம்பெனியில் என் கீழே இருபது பெண்கள் வேலை பார்த்த பிறகும், வாசலில் கால் வைத்தால் “ஏட்டி, இங்க வா” என்பாள். காஸ் துணி மடிக்கிற இடத்தில் நாள் முழுக்க நின்றால் புருவத்திலும் முன்முடியிலும் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வந்ததும் வராததுமாக முந்தானையால் அதைத் துடைத்துவிடுவாள். சின்னப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி இருக்கும். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த உயிலுக்குப் பிறகு, “சரசு, புருவத்துல பஞ்சு இருக்கு” என்று மட்டும் சொன்னாள். நானே துடைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் தெருவில் எனக்கு நல்ல பெயர். கோமதி அக்கா தன் வேலையைச் செய்துவிட்டிருந்தாள். குழாயடியில் ஒருத்தி, “மகராசி, பெத்தவள வச்சுக் காப்பாத்துத, உனக்கு ஒரு குறையும் வராது” என்றாள். அம்மா என் பக்கத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து குழாயைத் திருகினேன். அதற்கு மேல் திருக அதில் இடமே இல்லை. என் வாழ்க்கையில் என்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர். யார் திட்டியும் இப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

பி.எஃப். விஷயமாகக் கம்பெனிக்கு வருகிற வக்கீல் அம்மா ஒருவரிடம் ஒருநாள் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. உயிலில் காரணம் எழுதியே ஆக வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

“கட்டாயம் இல்லைங்க. அவங்க சொத்து, அவங்க இஷ்டம். ஒரு பிள்ளைய விட்டுட்டு எழுதும்போது காரணம் இருந்தா வம்பு குறையும், அம்புட்டுதான்” என்றார்.

எந்தச் சொல்லுக்காக நான் கடைக்குள் போய்ச் சண்டை போட்டேனோ, அந்தச் சொல்லே சட்டத்துக்கு வேண்டியதில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

“நீங்களும் ஒரு உயில் எழுதி வச்சிருங்க” என்று அவர் சொன்னதும் காதிலேயே நின்றது. பிள்ளை இல்லாமல், விவாகரத்தும் இல்லாமல், உயிலும் எழுதாமல் நான் போய்ச் சேர்ந்தால், அம்மா எனக்கு எழுதிவைக்கிற வீடு கோயம்புத்தூர்க்காரர் கைக்குப் போகக்கூடுமாம். என் நிலைமையில் இருக்கிற வாசகியர் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

வீட்டுக்கு வந்ததும், “ம்மா, காரணமே இல்லாம எழுதலாமாம். அந்த வரியும் வேண்டாம், இந்த வரியும் வேண்டாம். மாத்திருவோமா?” என்றேன். பெரிய சமாதானத் தூதராக என்னை நினைத்துக்கொண்டேன்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “உன் இஷ்டம் சரசு. நீ சொன்னாச் சரி.”

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. பத்திரத்திலிருந்து ஒரு வரியை எடுத்துவிடலாம். நாலு பேர் கேட்க நான் சொன்னதை எங்கே போய் எடுப்பது? அவளுக்கு அவள் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. அதே கடையில், அதே சாட்சிகள் முன்னால், அந்தப் பழைய சொல்லை நானே கேட்டு வாங்க வேண்டும்.

“வேண்டாம்மா. நீ மொதல்ல சொன்னதையே எழுதுவோம். அதுதான் சரி” என்றேன்.

அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தினாள்.

மறுபடியும் அதே பெஞ்ச்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். அம்மாவை கோமதி அக்கா கூட்டி வந்திருந்தாள். சுப்பையா மாமாவும் வந்திருந்தார். மறுபடியும் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அண்ணாச்சி கேட்டார். “அழிச்சு அழிச்சு எழுத இது என்ன சிலேட்டாம்மா?”

“நீங்கதான சொன்னிய, எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம்னு.”

“சொன்னேன். இந்தத் தடவை என்ன எழுத?”

வாசல்படியில் நின்றபடியே சொன்னேன். “மொதல்ல எழுதினதேதான் அண்ணாச்சி. ஆதரவற்ற என் மகள்னு.”

இந்தத் தடவை அது வாயில் வந்துவிட்டது. கோமதி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் வெளியே வந்து பெஞ்சில், ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்தேன். எழுந்து உள்ளே போகக்கூடாது என்பதற்காகப் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே தட்டுகிற சத்தம். பிறகு அந்தக் குரல். “இதற்கு முன் எழுதிப் பதிவு செய்த உயிலை ரத்து செய்கிறேன்…” அப்புறம் அந்த இடம் வந்தது. “கணவரால் கைவிடப்பட்டு, ஆதரவற்ற நிலையில்…”

“செத்த நிறுத்துங்க” என்றது அம்மாவின் குரல்.

நான் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“அதுக்கு முன்னால, ‘என் காலத்துக்குப் பிறகு’ன்னு போடுங்க.”

“அது தனியாப் போட வேண்டாம்மா. உயில்னாலே எல்லாம் உங்க காலத்துக்குப் பொறவுதான். மேலயே எழுதியிருக்கேன்.”

“மேல இருக்கட்டும். அந்த வார்த்தைக்கு முன்னாலயும் ஒருக்காப் போடுங்க. இப்பம் அவளுக்கு நான் இருக்கேன். நான் போன பொறவுதான அவளுக்கு யாரும் இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி திரும்ப வாசித்தார். “என் காலத்துக்குப் பிறகு ஆதரவற்றவராகிவிடும் என் மகள் சரஸ்வதிக்கு…” அவருடைய மண்டபக் குரல் அந்த வரியில் எங்கோ போய்விட்டது. சாதாரண மனிதர் வாசிக்கிற மாதிரிதான் வாசித்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய பெருமைக்காகத்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெருமையும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடமும் கீரைக்காரியிடமும் பஸ்ஸிலும் அவள் சொன்ன ‘பாவம்’ எந்த நாளை நினைத்துச் சொன்னது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்த நாளை நினைத்துக்கூடப் பார்க்காமல்தான் நான் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

எதிரே அலுவலகத்தில் வேலை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது பெஞ்சில் நிழலே இல்லை. நான் அங்கேயேதான் இருந்தேன். விரலில் ஒட்டியிருந்த மையை மஞ்சள் பையில் துடைத்தபடி அம்மா என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏட்டி, இங்க வா.”

கடைத்தெருவில், கோமதி அக்கா பார்த்துக்கொண்டிருக்க, நல்ல சேலையின் முந்தானையால் என் புருவத்தைத் துடைத்தாள். பஞ்சு போன பிறகும் செத்த நேரம் துடைத்தாள். நான் முகத்தைச் சுளிக்கவில்லை.

இப்போது வீட்டில் ஃபேனை அவளே போடுகிறாள், அவளே அணைக்கிறாள். நான் கீழே உட்கார்ந்து இதை எழுதும்போதும், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி லைட்டை அணைக்கச் சொல்கிறாள். சாயங்காலம் கீரைக்காரியிடம், “எம் மக எங்கூட இருக்கா, பாவம்” என்று சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. உலையில் அரிசியைப் போட்டேன்.

உயில் பெட்டியில் இருக்கிறது. அந்தச் சொல் இன்னும் அமலுக்கு வரவில்லை.